சிகரெட் விலை ஏறினால் யார் விடுகிறார்கள்? மிச்சக் காசு சரக்குக்குப் போகிறதா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: "சிகரெட் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். இளைஞர்கள் புகைப்பதை இது தடுக்கும் என்கிறார்கள். என் அப்பாவுக்கு 61 வயது, நாற்பது வருடப் பழக்கம். எவ்வளவு ஏறினாலும் அவர் குறைத்ததாகத் தெரியவில்லை. தம்பி கல்லூரியில் படிக்கிறான், அவனும் நிறுத்தவில்லை. சிகரெட்டில் மிச்சம் பிடிக்கிற காசு சரக்குக்குத்தான் போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விலைக்கும் இதற்கெல்லாம் உண்மையிலேயே தொடர்பு உண்டா?"

இதில் மூன்று கேள்விகள் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. விலை ஏறினால் புகைப்பது குறையுமா, எல்லா வயதிலும் ஒரே மாதிரி குறையுமா, குறைந்தால் அந்த இடத்தில் குடி வந்து உட்காருமா. முதலாவதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பெருமளவு தெளிவான பதில், ஓரங்களில் சண்டையோடு. மூன்றாவதில்தான் ஆய்வாளர்களே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் பொருளாதாரம் படித்து, கல்லூரியில் அதையே பாடமாக நடத்தி, நடுவில் சில ஆண்டுகள் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளில் வீடு வீடாக ஏறி இறங்கியவன். மருத்துவன் இல்லை. உடலுக்கு என்ன ஆகும் என்பதற்குள் போகமாட்டேன், காசு எங்கே போகிறது என்பதோடு நின்றுகொள்கிறேன்.

முதல் கேள்விக்கு வருவோம். விலை 10 சதவீதம் ஏறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் குறைகிறது என்று பார்ப்பதை விலை நெகிழ்ச்சி என்போம். பல நாடுகளில், பல பத்தாண்டுகளாக இதை அளந்திருக்கிறார்கள். பணக்கார நாடுகளில் 10 சதவீத ஏற்றத்துக்குச் சுமார் 4 சதவீதம் குறைகிறது. நம்மைப் போன்ற நாடுகளில் அது 5 சதவீதத்தை ஒட்டி, இரண்டு பக்கமும் கொஞ்சம் ஊசலாடுகிறது. இந்தக் குறைவில் ஏறக்குறைய பாதி, அறவே விட்டவர்களாலும் தொடங்காமலே போனவர்களாலும் வருவது. மீதிப் பாதி, ஐந்து பிடித்தவர் நாலு பிடிப்பதால் வருவது. அதாவது விலை 10 சதவீதம் ஏறினால், நம்மூரில் நூறு சிகரெட் விற்ற இடத்தில் தொண்ணூற்றைந்து விற்கும். இதை ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. உங்கள் அப்பாவும் தம்பியும் மாறவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும், அது இந்தக் கணக்குக்கு எதிரான சாட்சி ஆகாது. ஒரு தெருவில் இருபது பேர் புகைத்தால் பத்தொன்பது பேரிடம் மாற்றமே தெரியாமல் இருக்கலாம்.

இனி வயது. இதில் பழைய அடித்தளம் அமெரிக்காவில் போடப்பட்டது. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக சிகரெட் வரி போடுவதால், ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் பல விலைகள் கிடைக்கும். ஆய்வாளருக்கு அது வரப்பிரசாதம். 1981இல் லூயிட், கோட், கிராஸ்மன் என்ற மூவர் 12 முதல் 17 வயதினரைப் பார்த்து, அவர்களுடைய நெகிழ்ச்சி 1.4 என்றார்கள். விலை 10 சதவீதம் ஏறினால் புகைப்பது 14 சதவீதம் குறைகிறது என்று பொருள். அடுத்த ஆண்டே லூயிட்டும் கோட்டும் பெரியவர்களைப் பார்த்தார்கள். 20 முதல் 25 வயது வரை 0.89, அதற்கு மேல் கிட்டத்தட்ட அதில் பாதி. வயது ஏற ஏற விலையின் பிடி தளர்கிறது என்ற படம் இப்படித்தான் உருவானது. 1.4 என்ற எண்ணை அதே அளவில் இன்று யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் இளையவர்களின் அசைவு பெரியவர்களுடையதைப் போல இரண்டு மூன்று மடங்கு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

இதை முதலில் சீரியஸாக எடுத்துக்கொண்டவர்களில் சிகரெட் கம்பெனிக்காரர்களும் உண்டு. 1951இலிருந்து அசையாமல் இருந்த அமெரிக்க மத்திய அரசின் வரி, 1983இல் பாக்கெட்டுக்கு 8 சென்டிலிருந்து 16 சென்டானது. 1987இல் பிலிப் மோரிஸ் நிறுவனத்துக்குள் சுற்றிய ஒரு குறிப்பு பிற்பாடு வழக்குகளின் வழியே வெளியே வந்தது. 1982-83 விலையேற்றத்தால் 20 லட்சம் பெரியவர்கள் புகைப்பதை விட்டார்கள், 6 லட்சம் பதின்வயதினர் தொடங்காமலே போனார்கள் என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹாரிஸ் போட்ட கணக்கை அதில் எடுத்துச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் நம் பிராண்டுக்கு வந்திருப்பார்கள் என்றும் கணக்குப் போடுகிறார்கள். 4 லட்சத்து 20 ஆயிரம் என்று வருகிறது. இது இன்னொரு தடவை நடக்கக் கூடாது என்று முடிக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். விலை நெகிழ்ச்சி என்று கரும்பலகையில் எழுதும்போது கொட்டாவி விட்டவர்கள்தான்!

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு சம்பவம் உண்டு. 1993 ஏப்ரல் 2ஆம் தேதி, மலிவு பிராண்டுகளின் போட்டி தாங்காமல் அதே பிலிப் மோரிஸ் தன் மார்ல்பரோ சிகரெட்டின் விலையை ஒரேயடியாகப் பாக்கெட்டுக்கு 40 சென்ட் குறைத்தது. பங்குச் சந்தையில் அந்த நாளுக்கு 'மார்ல்பரோ வெள்ளி' என்றே பெயர். 90களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பள்ளிகளின் கடைசி வகுப்பு மாணவர்களில் முந்தைய முப்பது நாளில் புகைத்தவர்கள் 28 சதவீதம் வாக்கில் இருந்தார்கள். 1997இல் அது 36.5 சதவீதம். 1998 நவம்பரில் 46 மாநிலங்களோடு வழக்குகளை முடித்துக்கொள்ளக் கம்பெனிகள் செய்த ஒப்பந்தத்தையொட்டி பாக்கெட்டுக்கு 45 சென்ட் ஏறியது, அதற்குப் பிறகு இறங்குமுகம். கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மாணவர்களிடையே ஏற்றம் விலைக் குறைப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1998க்குப் பின் விளம்பரக் கட்டுப்பாடும் புகைக்கு எதிரான பிரச்சாரமும் சேர்ந்தே வந்தன. எல்லாப் புகழையும் விலைக்கே கொடுத்தால் அது கணக்கு ஆகாது, பக்தி ஆகிவிடும்.

இளையவர்கள் ஏன் அதிகம் அசைகிறார்கள்? காரணத்தைக் கல்லூரி வாசல் பெட்டிக்கடையிலேயே பார்க்கலாம். விலை ஏறிய ஒரு வாரம் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக மூன்று பேர் இரண்டு சிகரெட் வாங்கும் ஒரு செட், அன்றைக்கு ஒன்றே ஒன்று வாங்கியது. முதல் பாதி ஒருவனுக்கு, மீதியில் ஆளுக்கு ரெண்டு இழுப்பு. அதே நேரம் எங்கள் அலுவலக எழுத்தர் ஒருவர் வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். விலையைக் கேட்டு, கடைக்காரரை ஏதோ அவரே வரி போட்டது மாதிரி திட்டிவிட்டு, வழக்கம்போல மூன்று வாங்கிக்கொண்டு போனார். மாணவனுக்குக் கையில் இருப்பது அப்பா கொடுத்த காசு, அதில் ஒரு சிகரெட் பெரிய துண்டைக் கடித்துவிடும். பழக்கமும் இன்னும் வேர் பிடிக்கவில்லை. அதோடு, மூவரில் ஒருவன் நிறுத்தினால் மற்ற இருவருக்கும் கை சுருங்குகிறது. இந்த நட்புப் பெருக்கம் பெரியவர்களிடம் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் சில்லறையாக வாங்குகிறோம். பத்து உள்ள பாக்கெட்டுக்கு 6 ரூபாய் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 60 பைசா. 60 பைசா யாரிடம் இருக்கிறது? கடையில் ஒரு ரூபாயாகத்தான் ஏறும். பாக்கெட்டாக வாங்குகிறவரைவிட ஒன்று ஒன்றாக வாங்குகிறவனுக்கு ஏற்றம் அதிகம். ஆனால் ஒன்றாக வாங்க முடிகிறது என்பதாலேயே அவன் சந்தையை விட்டு வெளியே போகாமலும் இருக்கிறான். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன.

இனிச் சந்தேகம் உள்ள இடம். 2002இல் டிசிக்கா, கென்கல், மத்தியாஸ் மூவரும் வேறு வழியில் போனார்கள். ஒரே பிள்ளைகளை எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்தார்கள். அந்த நாலு ஆண்டில் வரி கூடிய மாநிலத்தில் புதிதாகத் தொடங்கியவர்கள் குறைந்தார்களா என்று தேடினால், பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. கென்டக்கி, வட கரோலினா போன்ற புகையிலை விளையும் மாநிலங்களில் வரி குறைவு, புகைப்பதை யாரும் பெரிய தப்பாகவும் நினைப்பதில்லை. அங்கே பிள்ளைகள் அதிகம் புகைத்தால் அது விலையாலா, ஊர் மனநிலையாலா? பின்னர் ஊர் மனநிலையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, புகைக்கிறானா இல்லையா என்பதில் விலையின் பங்கு மெலிந்துபோனது. ஏற்கெனவே புகைப்பவன் எத்தனை பிடிக்கிறான் என்பதில் மட்டும் விலை பேசியது.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு தரப்புக்கும் நடுவில் பெரிய முரண் இல்லை என்பேன். முதல் சிகரெட்டை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. சீனியர் நீட்டுவான், இல்லாவிட்டால் மாமா மேஜையில் வைத்துவிட்டுப் போன பாக்கெட்டிலிருந்து உருவியதாக இருக்கும். அதற்கு விலை கிடையாது. விலை குறுக்கே நிற்பது பிற்பாடு, வாரத்துக்கு ஒன்று என்பது தினம் மூன்று என்று ஆகப் போகும் படியில். பொருளாதார அறிஞர்கள் கேரி பெக்கரும் கெவின் மர்பியும் 1988இல் எழுதிய பழக்கக் கோட்பாடும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. இன்று பிடிப்பது நாளையத் தேவையைக் கூட்டும், ஆகவே விலையின் முழு விளைவு உடனே தெரியாது, ஆண்டுகள் எடுக்கும். அவர்களே கிராஸ்மனோடு சேர்ந்து 1994இல் அமெரிக்க விற்பனைக் கணக்கைப் போட்டபோது, நீண்ட கால நெகிழ்ச்சி உடனடி நெகிழ்ச்சியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக வந்தது. ஏறிய வாரத்தில் கடையில் நின்று பார்த்து "ஒன்றும் குறையவில்லையே" என்றால், இன்னும் விளையாத வயலில் அறுவடை எங்கே என்று கேட்பது மாதிரி.

உங்கள் அப்பா வயதுக்காரர்கள் கல்லாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. 45 முதல் 59 வயது வரையுள்ள அமெரிக்கர்களைத் தனியாகப் பார்த்த ஆய்வில், பெரிய வரியேற்றங்களுக்கு அவர்களும் அசைந்திருக்கிறார்கள், இளையவர்களைவிடக் குறைவாக. ஆனால் அசைவு வேறு வடிவத்திலும் வரும், எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது பிடிபடாது. இவான்ஸும் ஃபேரலியும் 1998இல் காட்டியது: வரி அதிகமான மாநிலங்களில் புகைப்பதைத் தொடர்ந்தவர்கள் நீளமான, தார் அதிகமுள்ள சிகரெட்டுக்கு மாறினார்கள். அதுவும் 18 முதல் 24 வயதுக்காரர்களிடம் இது தூக்கலாக இருந்தது. 2006இல் அட்டாவும் கொர்னாலியாவும், நிக்கோட்டின் உடலில் விட்டுச் செல்லும் கோட்டினின் அளவைப் பார்த்து, விலை ஏறினால் ஒவ்வொரு சிகரெட்டையும் கடைசி வரை உறிஞ்சுகிறார்கள் என்றார்கள். அந்த முடிவைத் திரும்பச் சோதித்தவர்களுக்கு விளைவு அவ்வளவு வலுவாகக் கிடைக்கவில்லை. ஃபில்டர் சுடும்வரை இழுக்கிறவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அது விலையால் எத்தனை, பழக்கத்தால் எத்தனை என்பதில்தான் தகராறு.

இந்தியாவுக்கு வந்தால் இந்தப் படத்தில் ஒரு பெரிய ஓட்டை. 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், புகையில்லாப் புகையிலையை மெல்லுகிறவர்கள் 21.4 சதவீதம். சிகரெட் விலையைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவது அந்த நாலு பேரைப் பற்றித்தான். ரிஜோ ஜான் என்ற ஆய்வாளர் 2008இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தரவை வைத்துப் பார்த்தபோது, பீடியின் நெகிழ்ச்சி ஒன்றை நெருங்கியது, சிகரெட்டுடையதுதான் எல்லாவற்றிலும் குறைவு. பீடி பிடிப்பவர் ஏழை, ஆகவே விலை அவரை அதிகம் தொடும். அவரைத் தொடக்கூடிய வரியோ மிக மெலிசு. சிகரெட்டுக்கு நீளத்தை வைத்து வரி போடும் வழக்கத்தால், ஏறும்போதெல்லாம் ஒரு படி கீழே குட்டையானதற்கு இறங்கிக்கொள்ளவும் வழி இருந்தது. 'கிங்ஸ்' கேட்டவர் 'சின்னது' கேட்பார், அதற்குக் கீழே பீடி இருக்கிறது. உங்கள் அப்பா எண்ணிக்கையைக் குறைக்காமல் பிராண்டை மாற்றியிருக்கிறாரா என்று ஒரு தடவை பாருங்கள்.

சரி, குடி. மிச்சக் காசு சரக்குக்குப் போகும் என்று உங்கள் நண்பர்கள் சொல்வதைப் பொருளாதாரத்தில் பதிலிப் பொருள் என்போம். காபி விலை ஏறினால் டீ விற்பது மாதிரி. இன்னொரு சாத்தியம் துணைப் பொருள், இட்லியும் சட்னியும் போல. இட்லி குறைந்தால் சட்னியும் குறையும். சிகரெட்டும் குடியும் இதில் எது?

பதின்வயதினரிடம் பெரும்பாலும் இட்லி-சட்னிதான் என்று சொல்லும் வலுவான ஆய்வு, தாமஸ் டீ (Dee) என்ற பொருளாதார ஆய்வாளர் 1999இல் செய்தது. அமெரிக்காவில் குடிக்கும் சட்ட வயதை மாநிலங்கள் 18இலிருந்து உயர்த்திய காலத்தை அவர் எடுத்துக்கொண்டார். குடிக்கும் வயதைக் கூட்டியதும் பதின்வயதினரில் புகைப்பவர்கள் 3 முதல் 5 சதவீதம் குறைந்தார்கள். அந்தச் சட்டத்தில் சிகரெட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மறுபக்கமும் பொருந்தியது. சிகரெட் வரி கூடிய இடத்தில் பிள்ளைகள் குடிப்பதும் குறைந்தது. இதில் ஆச்சரியம் இல்லை. அந்த வயதில் இரண்டும் ஒரே மாடியில், ஒரே இரவில், ஒரே கும்பலோடு நடக்கிறது. கும்பல் கலைந்தால் இரண்டும் கலையும்.

பெரியவர்களிடம் வந்தால் நூல் சிக்கலாகிறது. டெக்கரும் ஷ்வார்ட்ஸும் 2000இல் அமெரிக்கப் பெரியவர்களைப் பார்த்துக் கண்டது ஒரு வினோதம். மது விலை ஏறினால் குடியும் புகையும் இரண்டும் குறைந்தன. சிகரெட் விலை ஏறினாலோ புகைப்பது குறைந்து, குடி கொஞ்சம் கூடியது. ஒரு பக்கம் இட்லி-சட்னி, மறுபக்கம் காபி-டீ. பாடப்புத்தகத்தில் இப்படி இருக்கக் கூடாது, ஆனால் பழக்கம் என்று வந்துவிட்டால் இது நடக்கக்கூடியதுதான். குடிக்கும்போது மட்டும் புகைப்பவர் இருக்கிறார், குடி குறைந்தால் அவருடைய சிகரெட்டும் குறையும். புகைப்பதை விட்ட படபடப்பை இரண்டு பெக்கில் ஆற்றிக்கொள்பவரும் இருக்கிறார். இருவரும் ஒரே சராசரிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, சிகரெட் வரி ஏறியபோது அதிகம் குடிக்கும் ஆண்கள் குடியையும் குறைத்தார்கள் என்று காட்டும் ஆய்வுகளும் அதே நாட்டிலிருந்தே வந்திருக்கின்றன. ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வதைப் பெரியவர்கள் விஷயத்தில் பொய் என்று தள்ள மாட்டேன், நிரூபணமானது என்றும் சொல்ல மாட்டேன். 'மிச்சக் காசு எல்லாம்' என்பது மட்டும் நிச்சயமாக மிகை. அந்த வினோத ஆய்வில்கூடக் கூடியது கொஞ்சம்தான்.

பிலிப்பைன்ஸ் 2012இல் போட்ட சட்டத்தில் புகையிலைக்கும் மதுவுக்கும் ஒன்றாகவே வரியைத் தூக்கினார்கள். 2009இல் 29.7 சதவீதமாக இருந்த புகையிலைப் பயன்பாடு 2015இல் 23.8 ஆனது. கொள்கைக்கு நல்லது, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓட வழி இல்லை. ஆனால் இரண்டு விலையும் சேர்ந்து ஏறியதால், எது எதை இழுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. நம்மூரில் நேர் எதிர். சிகரெட் வரி டெல்லியில் முடிவாகிறது. மது ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிறது, குவார்ட்டர் என்ன விலை என்பது சென்னையில் முடிவாகிறது. இரண்டு கையும் பேசிக்கொள்வதில்லை. ஆய்வுக்கு இது நல்ல களமாக இருந்திருக்கும், வீடுகளில் உண்மையான கணக்கு கிடைத்தால்.

அதுதான் கிடைப்பதில்லை. கணக்கெடுப்புக்குப் போனபோது செலவுப் படிவத்துக்கு விடை சொல்வது பெரும்பாலும் வீட்டம்மா. அரிசி, எண்ணெய், கேஸ் எல்லாம் பைசா சுத்தமாக வரும். புகையிலை, மது என்ற வரிக்கு வந்ததும் பேச்சு நிற்கும். ஒரு வீட்டில் கணவர் வாசல்வரை என் பின்னாலேயே வந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாரத்துக்கு முப்பது ரூபான்னு போட்டுக்குங்க சார்" என்றார். அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பாக்கெட்டே அதைவிட விலை கூட. முப்பது என்றுதான் எழுதினேன், படிவத்தில் சொன்னதைத்தான் எழுத முடியும். இந்த விஷயத்தில் நம் நாட்டு எண்கள் எதையும் நான் தசமப் புள்ளிவரை நம்பாததற்கு அந்த வாசல் ஒரு காரணம். அமெரிக்கப் பிள்ளைகளும் படிவத்தில் உண்மையை மட்டும்தான் எழுதினார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்கு. நான் சொன்ன எண் எல்லாம் கூட்டத்தைப் பற்றியது, உங்கள் அப்பா விடுவாரா என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. தம்பி விஷயத்தில் விலையைவிட அவன் யாரோடு சுற்றுகிறான் என்பது உங்களுக்கு அதிகம் சொல்லும். தினமும் வாங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டானா, இல்லை யாரோ நீட்டினால் மட்டும் பிடிக்கிறானா என்று தெரிந்துகொள்ளப் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. நாற்பது வருடப் பழக்கத்துக்கு விலை மட்டும் போதாது, ஆள் உதவி வேண்டும். புகையிலையை விடுவதற்கான தேசிய இலவச எண் 1800-11-2356, 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் எச்சரிக்கைப் படத்தோடு சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். அப்பா பாக்கெட்டாக வாங்குகிறவர் என்றால் அதைப் பல நூறு தடவை பார்த்திருப்பார். தம்பியிடம் நீங்களேதான் சொல்ல வேண்டியிருக்கும். அவன் ஒன்று ஒன்றாக வாங்குகிறவன் என்றால், பாக்கெட் கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது.